அமெரிக்காவில் மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் பதவி ஆளுநர் பதவி. அப்பதவியில் இருக்கும் ஆளுநரே சொந்தக் கட்சியின் முதனிலைத் தேர்தலில் தோற்க முடியுமா?

முடியும். 2018 ஆகஸ்ட் 7 அன்று அமெரிக்காவின் கேன்சஸ் மாநிலத்தில் ஆளுநர் பதவிக்கான குடியரசுக் கட்சி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்க நடந்த முதனிலைத் தேர்தலில் அதுதான் நடந்தது. சாம் பிரவுன்பேக் விலகியதால் அவ்வாண்டு ஜனவரி இறுதியில் ஆளுநரான ஜெஃப் காலியரை, மாநிலத் தேர்தல்களை மேற்பார்க்கும் மாநிலச் செயலராக இருந்த கிரிஸ் கோபாக் இறுதி எண்ணிக்கையில் வெறும் 343 வாக்குகளில் வென்றார். பதிவான வாக்குகளோ மூன்று லட்சத்துக்கும் மேல்.

கட்சித் தலைமை யாரையும் நியமிப்பதில்லை, அக்கட்சியினராகப் பதிவுசெய்த வாக்காளர்களே வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கிறார்கள் என்பதால், பதவியில் இருப்பவருக்குச் சட்டப்படி எந்தச் சலுகையும் கிடையாது. மேலும், கேன்சஸில் இரண்டாம் சுற்று இல்லை. பலர் போட்டியிட்டதால் ஏறத்தாழ 40.6 சதவீதமே கோபாக்குக்குப் போதுமானதாயிற்று. ஜார்ஜியாவில் அப்படியல்ல: அதே ஆண்டு அங்கு முதல் சுற்றில் யாரும் பாதியைத் தாண்டாததால், இரண்டாவதாக வந்த பிரையன் கெம்ப் மறுசுற்றில் வென்று வேட்பாளரானார்.

கேன்சஸில் இன்னொரு சிக்கலும் எழுந்தது. தாமஸ் மாவட்டத்தில் காலியர் பெற்ற 522 வாக்குகள் மாநில இணையதளத்தில் 422 என்று பதிவாகியிருந்தன. அதைத் திருத்தியதும், எண்ணிக்கை முடியாத அந்தக் கட்டத்தில் 191 ஆக இருந்த வித்தியாசம் 91 ஆகச் சுருங்கியது. தேர்தலை மேற்பார்க்கும் துறையின் தலைவரே போட்டியாளராகவும் இருந்தது, என் பார்வையில், தொடக்கத்திலேயே தவிர்த்திருக்க வேண்டிய நிலை. எதிர்ப்புக்குப் பின்னரே கோபாக் அப்பணியிலிருந்து ஒதுங்கினார். ஆகஸ்ட் 14 அன்று காலியர் தோல்வியை ஏற்றார். நவம்பரில் ஜனநாயகக் கட்சியின் லாரா கெல்லி கோபாக்கைத் தோற்கடித்தார்.