பைப் வேலை: கேளுங்கோ, சொல்கிறேன்

கேள்வி: எங்கள் வீடு அப்பா காலத்தில் கட்டினது. குளியலறையில் ஓடுவது பழைய இரும்புப் பைப். காலையில் திறந்தால் முதல் ஒரு வாளி துருத் தண்ணிதான். கணவர் கட்டாரில் இருக்கிறார். பிளம்பரைக் கூப்பிட்டால் "நாளைக்கு வாறன்" என்கிறார், அந்த நாளை வந்தபாடில்லை. நானே பழகிக் குளியலறையைத் திருத்தலாமா? இதற்குப் பயிற்சி வகுப்பு எடுக்க வேண்டுமா?
– ஓர் ஆசிரியை, உப்புவெளி

பதில்: செய்யலாம் தங்கச்சி. தண்ணி வருகிற பக்கம் முழுக்க உங்களால் ஏலும். கழிவு போகிற பக்கத்துக்கு மட்டும் ஆள் பிடியுங்கோ, ஏன் என்று பிறகு சொல்கிறேன். வகுப்பென்றால், தொழிற்பயிற்சி அதிகாரசபை பிளம்பிங் படிப்பித்துச் சான்றிதழும் கொடுக்கிறது. இதைத் தொழிலாக எடுக்கிறவர்களுக்கு அது நல்லது. சொந்தக் குளியலறை ஒன்றுக்குச் சான்றிதழ் தேவையில்லை, பொறுமை இருந்தால் போதும்.

முதலில் தண்ணியை நிறுத்தப் பழக வேண்டும். மீட்டரடி வால்வையும் தாங்கியடி வால்வையும் தேடிப் பிடித்து மூடிப் பாருங்கோ. பழைய கேட் வால்வ் என்றால் கைபிடி சுற்றும், தண்ணி நிற்காது. உள்ளே கதவு உக்கிப் போயிருக்கும். உப்புக்காற்றும் உப்புத் தண்ணியும் உள்ள ஊரில் இது புதினமில்லை. தாங்கியடி வால்வ் அப்படியென்றால் முதலில் அதை எடுத்துவிட்டு, கால் சுற்றில் மூடுகிற போல் வால்வ் (உள்ளே துளையிட்ட உருண்டை உள்ளது) ஒன்று போடுங்கோ. அதற்குப் பிறகுதான் சுவரைத் தொட வேண்டும். மீட்டரடியில் உள்ளது பழுதென்றால் நீங்கள் கைவைக்காமல் நீர் வழங்கல் சபைக்கு அறிவியுங்கோ.

அடுத்தது முற்றத்தில் ஒரு ஒத்திகை. ஹாட்வெயர் கடையில் அரை அங்குல பீவீசி பைப் ஒன்று, எல்போ (மூலை வளைவு) நாலைந்து, ஒரு டீ (மூன்று வாய் இணைப்பு), ஒரு வால்வ் சொக்கெட் (வெளியே மரை, அதாவது திருகு வரி உள்ள இணைப்பு), பித்தளை உட்பொதித்த ஃபோசெட் எல்போ (டப் பூட்டுகிற, உள்ளே மரை உள்ள வளைவு) ஒன்று, எண்ட் கேப் (முனை மூடி), பீவீசி ஒட்டுகிற கம் சின்ன டின் ஒன்று, த்ரெட் டேப் (மரையில் சுற்றுகிற நாடா) வாங்குங்கோ. இந்தப் பெயர்களையே சொல்லிக் கேளுங்கோ. "பைப்பில பூட்டுற அந்தச் சாமான்" என்று கேட்டால் கடைக்காரர் தன் கையில் அகப்பட்டதைத்தான் தருவார்.

பைப்பை நேராக அறுக்க வேண்டும். சரிவாக அறுத்தால் ஒரு பக்கம் உள்ளே முட்டும், மறுபக்கம் வெற்றிடம் நிற்கும். அறுத்த விளிம்பில் நிற்கிற தூளைக் கத்தியால் சீவுங்கோ. கம் இல்லாமல் ஒருதரம் செருகிப் பார்த்து, எவ்வளவு உள்ளே போக வேண்டும் என்று பென்சிலால் கோடு போடுங்கோ. மேற்பரப்பை மண்தாளால் லேசாகத் தேய்த்துத் துடைத்து, பைப்பின் வெளிப்புறமும் எல்போவின் உட்புறமும் கம் பூசி, கால் சுற்றுச் சுற்றியபடி கோடு மறையும் வரை தள்ளுங்கோ. தள்ளினவுடன் கையை எடுக்க வேண்டாம். எல்போவின் உட்புறம் சற்றுக் கூம்பு வடிவம் என்பதால் பைப்பை அது மெல்ல வெளியே தள்ளும், உங்கள் கண்ணுக்குத் தெரியாது. அரை நிமிடம் இறுக்கிப் பிடியுங்கோ. கம் இரண்டையும் ஒட்டவைப்பதோடு நிற்பதில்லை, பிளாஸ்டிக்கைக் கரைத்து ஒன்றாக்குகிறது. அதனால்தான் கசிகிற மூட்டுக்கு மேலால் கம் பூசிப் பயனில்லை. அறுத்தெறிந்துவிட்டுப் புதிது போட வேண்டியதுதான்.

ஒட்டின மூட்டு ஒன்றை மறுநாள் நீளவாக்கில் வாளால் பிளந்து பாருங்கோ. கம் படாத இடம் தெரிந்துவிடும். எனக்கு வேலை பழக்கின பாஸ் இதைச் செய்யாமல் யாரையும் வீடுகளுக்குக் கூட்டிப் போகமாட்டார். நாலு மூட்டைப் பிளந்து நாலும் சரியாக இருந்தால் உங்கள் கை தேறிவிட்டது.

த்ரெட் டேப்பை மரையின் முனை உங்களைப் பார்க்கப் பிடித்துக்கொண்டு வலம் சுற்றாகச் சுற்றுங்கோ. மாறிச் சுற்றினால் முறுக்கும்போது கழன்று வரும். பிளாஸ்டிக் மரையைக் கையால் இறுக்கி, பிறகு ரென்ச்சால் ஒரு சுற்றுக்கு மேல் போக வேண்டாம். இரும்பு மரையை வெறும் பிளாஸ்டிக் ஃபோசெட்டுக்குள் ஒருநாளும் முறுக்க வேண்டாம், வெடித்துவிடும். பித்தளை உட்பொதித்ததை வாங்கச் சொன்னது அதற்காகத்தான்.

பழைய இரும்புப் பைப்பைச் சுவரிலிருந்து தோண்டி எடுக்க வேண்டாம். தண்ணியைத் துண்டித்துவிட்டு அப்படியே கிடக்க விடுங்கோ, புதிய பைப் பதிக்கப் பக்கத்துச் சுவரில் வேறு காடி (நீளப் பள்ளம்) வெட்டலாம். வெளியே இரும்புடன் இணைக்கிற இடத்தில் ஒரு ரென்ச்சால் பழைய பைப்பை அசையாமல் பிடித்துக்கொண்டு மற்ற ரென்ச்சால் திருகுங்கோ. ஒரு ரென்ச்சோடு மல்லுக்கட்டினால் உக்கின பைப் சுவருக்குள் முறியும்.

காடி வெட்டுவதற்கு முன் கொமட், பேசன், ஷவர் எல்லாவற்றையும் வாங்கி வீட்டில் வைத்துவிடுங்கோ. கடையில் வாங்கப் போகிற கொமட்டின் துவாரம் சுவரிலிருந்து எத்தனை அங்குலம் என்பது மொடலுக்கு மொடல் வேறு. ஃபோசெட் எல்போவின் வாய் டைல்ஸின் முகத்தோடு சமமாக நிற்க வேண்டும். பூச்சு, சாந்து, டைல்ஸ் மூன்றின் தடிப்பையும் கூட்டிக்கொண்டுதான் அதைப் பொருத்த வேண்டும். இதை மேசனிடம் விட்டால் அவர் "பிறகு பார்ப்பம்" என்பார்.

இனித்தான் முக்கியமானது. வாய்கள் எல்லாவற்றையும் அடைத்து, கம் பூசி ஒரு நாள் கழிந்த பின் தண்ணி விட்டு, இரவு முழுக்க விடுங்கோ. மூட்டுகளைக் கடுதாசியால் துடைத்துப் பாருங்கோ, ஈரம் கடுதாசியில் தெரியும். தரைக்கும் அதே கதை. நீர்க்காப்புப் பூச்சு இரண்டு தரம் பூசிக் காய்ந்த பின் வடிகாலை அடைத்து, தண்ணியை ஒரு நாள் தேக்கி வைத்துப் பாருங்கோ. இந்த இரண்டு சோதனையும் முடியாமல் மேசன் டைல்ஸ் பதிக்க வந்தால் தேத்தண்ணி கொடுத்துத் திருப்பி அனுப்புங்கோ. அவருக்கு அடுத்த வீட்டில் வேலை இருக்கும், கசிவு இருக்கப் போவது உங்கள் சுவரில்.

கழிவுப் பக்கத்துக்கு வருகிறேன். அங்கே தள்ளுவதற்கு அழுத்தம் இல்லை, சரிவு ஒன்றுதான். அடிக்குக் கால் அங்குலம் பிசகாமல் வர வேண்டும், நிலத்தடியில் மூடின பின் திருத்த முடியாது. ஊறுகுழியை மாற்றுவதானால் கிணற்றிலிருந்து 50 அடியாவது தள்ளி இருக்க வேண்டும். அந்த வேலையை வறண்ட கச்சான் காற்று அடிக்கிற, மழையில்லாத மாதங்களில் வையுங்கோ. ஒக்டோபரில் மழை தொடங்கி ஜனவரி வரை உங்கள் பக்கம் நிலத்தடி நீர் மேலே வந்துவிடும், வெட்டுகிற குழியில் தண்ணிதான் நிற்கும்.

கேள்வி: மொட்டைமாடியில் தாங்கி இருந்தும் ஷவரில் நூல் நூலாகத்தான் வருகிறது. பெரிய ஷவர் தலை வாங்கிப் போட்டேன், இன்னும் மோசம்.
– வாசகர், லிங்கநகர்

பதில்: தம்பி, ஒரு மீற்றர் உயரத்துக்கு 0.1 பார் அழுத்தம். தாங்கியில் நிற்கிற தண்ணி ஷவருக்கு மேலே 2 மீற்றர் என்றால் 0.2 பார்தான் கிடைக்கும், அந்தப் பெரிய தலைக்கு அது காணாது. உயரத்தைக் கூட்ட முடியாவிட்டால் வழியில் போகிற நட்டத்தைக் குறையுங்கோ. தாங்கியிலிருந்து 1 அங்குலப் பைப்பில் இறக்கி, குளியலறைச் சுவரடி வரை முக்கால் அங்குலத்தில் கொண்டுவந்து, கடைசித் துண்டுக்கு மட்டும் அரை அங்குலம் போடுங்கோ. எல்போக்களைக் குறையுங்கோ. பைப் எங்காவது திண்டுக்கு மேலால் ஏறி இறங்கினால் அங்கே காற்று அடைத்து நிற்கும், அதையும் பாருங்கோ. வெயிலில் கிடக்கிற பீவீசிக்குப் பெயின்ற் அடியுங்கோ, இல்லாவிட்டால் வெளிறி நொறுங்கும். வாங்கின பெரிய தலையைக் கடை திருப்பி எடுக்குமா என்று கேட்டுப் பாருங்கோ.

கேள்வி: விருந்தினர் குளியலறையில் யாரும் பாவிக்காமலே நாற்றம் வருகிறது. என்ன ஊற்றிக் கழுவியும் போகவில்லை.
– வாசகி, கிண்ணியா

பதில்: பாவிக்காததால்தான் வருகிறது. தரை வடிகாலின் வளைவில் இரண்டு அங்குலமளவு தண்ணி நின்று குழிக் காற்றை மறிக்கும். வெயில் காலத்தில் அது வற்றிவிடும். கிழமைக்கு ஒரு வாளி தண்ணி ஊற்றுங்கோ. ஊற்றியும் நாறினால் வளைவே வைக்காமல் பைப்பை நேரே இறக்கியிருக்கிறார்கள், தரையை உடைக்க வேண்டிவரும்.

கேள்வி: சுடுதண்ணி ஹீற்றரை நானே பூட்டலாமா?
– வாசகர், மூதூர்

பதில்: தண்ணிப் பைப்பைப் பூட்டுங்கோ. வயரை மின்வேலை தெரிந்தவர் பூட்டட்டும். எர்த்தும், மின் கசிந்தால் தானே மின்சாரத்தை வெட்டுகிற ட்ரிப் சுவிட்சும் வேலை செய்கிறதா என்று அவரைக் கொண்டே உங்கள் கண்முன்னால் சோதிப்பியுங்கோ.