பரங்கிமலையில் தொடங்கிய கோடு

கேள்வி: எவரெஸ்ட்டை நம்ம பரங்கிமலையிலிருந்து அளந்தார்கள் என்று என் மகனுக்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள். அவ்வளவு தூரத்திலிருந்து எப்படி முடியும்?
– வாசகி, பழவந்தாங்கல்

பதில்: பரங்கிமலையில் நின்று எவரெஸ்ட்டை யாரும் பார்க்கவில்லை, அம்மா. ஆனால் அந்த அளவுக்கு முதல் கோடு விழுந்தது இங்கேதான். சர்வே வேலையிலேயே தலை நரைத்தவன் நான். இதைப் பற்றி யார் கேட்டாலும் எனக்குச் சந்தோஷம்.

1802 ஏப்ரல் 10. வில்லியம் லாம்டன் என்ற ராணுவ அதிகாரி பரங்கிமலைக்கும் பெரும்பாக்கம் குன்றுக்கும் நடுவே சுமார் 12 கிலோமீட்டர் தூரத்தை அளக்கத் தொடங்கினார். மடிப்பாக்கம், பள்ளிக்கரணைப் பக்கமெல்லாம் அன்று வெட்டவெளி. கையில் 100 அடி எஃகுச் சங்கிலி. (சீனச் சக்கரவர்த்திக்குப் பரிசாகப் போய், வேண்டாம் என்று திரும்பிய சங்கிலி அது!)

சித்திரை வெயிலில் எஃகு சும்மா இருக்குமா? ஒரு டிகிரி சூடு ஏறினால் 100 அடிச் சங்கிலி மூன்றில் ஒரு மில்லிமீட்டர் நீளும். இம்மியளவுதான். ஆனால் அதே சங்கிலியை 400 தடவை போட்டால் 13 சென்டிமீட்டருக்கு மேல் பிசகிவிடும். அதனால் சங்கிலியை மரப்பெட்டிக்குள் கிடத்தி, முக்காலிகளில் மட்டம் பார்த்து, மேலே கூடாரத்தால் நிழல் கொடுத்து, பக்கத்திலேயே வெப்பமானி வைத்து, ஒவ்வொரு தடவையும் சூட்டைக் குறித்துக்கொண்டார்கள். செயின்மேன்களோடு வெயிலில் நின்றவன் என்பதால் சொல்கிறேன், அந்தப் பொறுமை சாமானியமானதல்ல.

ஏன் இத்தனை பாடு? முக்கோணத்தில் ஒரு பக்கமும் இரண்டு கோணங்களும் தெரிந்தால் மற்ற பக்கங்களைக் கணக்கிலேயே எடுத்துவிடலாம். அப்படிக் கிடைத்த பக்கத்தின் மேல் அடுத்த முக்கோணம், அதன் மேல் இன்னொன்று. கோணம் பார்க்க அரை டன் எடையுள்ள தியோடலைட். இடையிடையே சரிபார்க்க மட்டும் மறுபடி சங்கிலி. 1804-ல் பெங்களூரில் அப்படி அளந்தபோது, கணக்குக்கும் தரைக்கும் வித்தியாசம் சில அங்குலம்தான்!

லாம்டன் 1823-ல் இறந்தார். பிறகு ஜார்ஜ் எவரெஸ்ட் அந்த முக்கோணங்களை இமயமலை அடிவாரம் வரை கொண்டுபோனார். அங்கிருந்து எடுத்த கோணங்களை வைத்துக் கணக்குப் போட்டவர்களில் முக்கியமானவர் வங்காளத்து ராதாநாத் சிக்தார். 1856-ல் அறிவித்த உயரம் 29,002 அடி. இன்றைய அளவு 8,848.86 மீட்டர், அதாவது ஏறக்குறைய 29,032 அடி. முப்பது அடிதான் வித்தியாசம்.

மகனை ஒருநாள் மலைக்கு அழைத்துப் போங்கள். பெரும்பாக்கம் எந்தத் திசை என்று அவனையே காட்டச் சொல்லுங்கள்.