தத்தெடுத்த நாயை அக்கா வீட்டுக்கு அனுப்பாதீர்கள்

கேள்வி: புதுச்சேரியில் உள்ள ஒரு மீட்புக் குழுவிடம் சின்ன டெரியர் நாயைத் தத்தெடுத்தேன். 3,500 ரூபாய் வாங்கிக்கொண்டு, கடலூருக்கு வந்து வீட்டிலேயே ஒப்படைத்தார்கள். எட்டு மாதம் கழித்துப் பார்க்க வந்த தன்னார்வலர், மாடிப்படிக்குக் கீழே நாயைக் கட்டியிருந்ததைப் படமெடுத்து, தெருவே கேட்கத் திட்டினார். இப்போது நாயைத் திருப்பிக் கேட்கிறார்கள். மகள் சாப்பிட மாட்டேன் என்கிறாள். விழுப்புரத்தில் அக்கா வீட்டில் இரண்டு மாதம் விட்டுவைக்கலாமா? - திருப்பாதிரிப்புலியூர் வாசகி

பதில்: நான்கு பக்கக் கடிதத்தில் மூன்றரைப் பக்கம் அந்தத் தன்னார்வலர் பேசிய பேச்சு. அது நாயைக் காப்பாற்றாது, விடுங்கள். விஷயம் நீங்கள் கையெழுத்துப் போட்ட தாளின் 7-வது வரியில் இருக்கிறது: நாயை வேறு யாரிடமாவது கொடுத்தால் குழு திரும்ப எடுத்துக்கொள்ளும்.

தத்து என்ற சொல்லுக்கு இங்கே மதிப்பில்லை. சட்டத்துக்கு நாய் ஓர் அசையும் சொத்து. விலைக்கு வாங்கினேன் என்றும் சொல்ல முடியாது; ரசீதில் 'நன்கொடை' என்றிருக்கிறது. ஆக, இது தானம். சொத்துரிமை மாற்றுச் சட்டம் 123-வது பிரிவின்படி அசையும் பொருளைக் கையில் கொடுத்தாலே தானம் முடிந்துவிடும். ஆனால் கொடுத்தவர் விருப்பத்தைச் சாராத ஒரு காரியம் நடந்தால் தானம் ரத்தாகும் என்று முன்பே பேசிவைத்துக்கொள்ள 126-வது பிரிவு இடம் தருகிறது. உங்கள் 7-வது வரி அந்த வகை.

நாயைக் கட்டிப்போட்டது அந்த வரியில் வராது. மிருகவதைத் தடுப்புச் சட்டம் என்று மிரட்டுவார்கள். நாயைப் பழக்கமாகக் கட்டியே வைத்து நடக்கவிடாமல் இருப்பது அதில் குற்றம்தான். முதல் முறைக்கு அபராதம் இன்னும் 10 முதல் 50 ரூபாய்தான். சங்கிலியை அவிழ்த்துவிட்டு, காலை மாலை நடக்கக் கூட்டிப் போங்கள்.

இன்று உங்கள் பக்கம் பலமாக இருக்கிறது. விழுப்புரம் பஸ் ஏறினால் 7-வது வரியை நீங்களே மீறி, சாட்சியையும் தயார் செய்து கொடுக்கிறீர்கள். என்னிடம் வந்த ஒருவர் இதையேதான் செய்தார். பண்ருட்டியில் மாமியார் வீட்டில் நாயை விட்டுவிட்டு, ஸ்டேஷனில் "ஓடிப்போச்சு சார்" என்றார். மாமியார் வாட்ஸப் ஸ்டேட்டஸில் பலாப்பழம் அறுக்கும் வீடியோ போட்டிருந்தார். சுளை எடுக்கும் கைக்குப் பின்னால், கோணிச் சாக்கின் மேல் அதே நாய், அதே சிவப்புப் பட்டை. எதிர்த்தரப்பு வக்கீல் போனை நீட்டினார். அதற்குப் பிறகு எங்களுக்குப் பேச வாயில்லை. நாயும் போனது, மன்னிப்புக் கடிதமும் எழுதினோம். தானம் ரத்தான பிறகு நாயை ஒளித்துவைத்தால் பி.என்.எஸ். (பாரதிய நியாய சன்ஹிதா என்ற குற்றச் சட்டம்) 314, அதாவது கையாடல், என்று புகார் எழுத இடமுண்டு. தண்டனை ஆறு மாதத்துக்குக் குறையாது.

'செக்கப்புக்கு இரண்டு நாள் கொடுங்கள்' என்று குழு கேட்டாலும் கொடுக்காதீர்கள். போன நாயை மீட்க நீங்கள்தான் கோர்ட்டுக்கு அலைய வேண்டும்.

9-வது வரி, காரணம் சொல்லாமல் எப்போதும் திரும்பப் பெறலாம் என்கிறது. அது செல்லாது என்று யாராவது உங்களை ஏற்றிவிடுவார்கள். கொடுத்தவர் இஷ்டத்துக்கு ரத்தாகும் தானமே செல்லாது என்பதுதான் 126. அந்த வாதம் ஜெயித்தால் தானமே போய், நாய் குழுவுடையதாகவே நிற்கும். அந்தப் பக்கம் போகவே வேண்டாம்.

சமாதானமாகப் போங்கள். மானம் போயிற்று என்பதெல்லாம் அப்புறம். கடலூர் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் வழக்குக்கு முந்தைய மனு கொடுங்கள். கட்டணம் இல்லை. மக்கள் நீதிமன்றத்தில் முடிந்தால் தீர்ப்புக்குச் சமம், மேல்முறையீடு கிடையாது. சமாதானத்தில் இப்படிக் கேளுங்கள்: வருடம் இரண்டு முறை குழுவினர் வந்து பார்க்கட்டும், படத்தை நீக்கட்டும், 9-வது வரி போகட்டும். ஊருக்குப் போகும்போது அக்கா வீட்டில் விடுவது 'வேறொருவரிடம் கொடுத்தது' ஆகாது என்று 7-வது வரியில் சேர்க்கச் சொல்லுங்கள். அது எழுத்தில் வரும்வரை நாய் திருப்பாதிரிப்புலியூரிலேயே இருக்கட்டும்.