அமெரிக்காவில் அடிமைகளை 'ஐந்தில் மூன்று பங்கு' என்று எண்ணியது ஏன்?

அடிமைகளை முழு ஆளாக ஏற்க அடிமை முதலாளிகள் மறுத்ததால் வந்த கணக்கு இது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். நடந்தது தலைகீழ்.

1787இல் பிலடெல்பியாவில் அரசியல் சட்டம் எழுதக் கூடியபோது, அடிமைகளை முழுசாக எண்ணச் சொன்னவர்களே தென் கரோலினா, ஜார்ஜியா பிரதிநிதிகள்தான். ஓட்டுரிமை கொடுக்க இல்லை. கீழவை இடங்கள் மக்கள்தொகைப்படி என்பதால், தலைக்கணக்கு கூடினால் எஜமானர்களுக்கு இடம் கூடும். அவர்கள் உங்கள் சொத்து என்றால் எங்கள் மாடு, குதிரைகளையும் எண்ணலாமே என்கிற பாணியில் மடக்கினார் வட மாநிலமான மாசசூசெட்ஸின் எல்பிரிட்ஜ் கெர்ரி. 1783இல் வரிப் பங்கீட்டுக்காகப் பேசியபோது இதே தென்மாநிலங்கள் குறைத்து எண்ணச் சொன்னது தனிக் கூத்து! அந்தப் பேரத்தில் பிறந்த 3/5 என்ற பின்னத்தையே 1787இலும் ஏற்றார்கள்.

அதிபரைத் தேர்ந்தெடுக்க ஒவ்வொரு மாநிலத்தின் சார்பிலும் ஓட்டுப் போடும் தேர்வாளர்களின் எண்ணிக்கையும் இதை ஒட்டியே அமைந்தது. 1800 அதிபர் தேர்தலில் தெற்கின் ஜெபர்சனுக்கு 73 தேர்வாளர் ஓட்டு, வடக்கின் ஆடம்ஸுக்கு 65. இந்தக் கூடுதல் இடங்கள் இல்லாவிட்டால் ஆடம்ஸே ஜெயித்திருப்பார் என்பது வரலாற்றாசிரியர்கள் பலரின் கணிப்பு.

ஆனால் குடியேற்றத்தால் வட மாநிலங்களின் மக்கள்தொகை பெருத்துக்கொண்டே போனது. 1860இல், பின்னாளில் பிரிந்துபோன 11 தென்மாநிலங்களில் ஒன்றில்கூட ஜெயிக்காமலே, அடிமை முறை பரவுவதை எதிர்த்த லிங்கன் அதிபர் தேர்தலில் வென்றார். அந்த டிசம்பரிலேயே தென் கரோலினா பிரிந்தது. அடுத்த ஏப்ரலில் வடக்குக்கும் தெற்குக்கும் உள்நாட்டுப் போர். பின்னக் கணக்கை 1868இல் 14ஆவது திருத்தம் நீக்கியது.