4,500 திர்ஹாம் சம்பளம்னா கையில எவ்ளோ நிக்கும்? பெங்களூர் முருகேஷ்பாளையத்து அப்பா ஒருத்தருக்கு என் பதில்

சார், நீங்க அனுப்புன ஆஃபர் லெட்டரை முழுசா படிச்சேன். பொண்ணு எம்.எஸ்ஸி பிசிக்ஸ், பி.எட், ஒயிட்ஃபீல்ட் பக்கம் சிபிஎஸ்இ ஸ்கூல்ல 38,000 வாங்குறா, இப்ப ஷார்ஜால ஒரு இந்தியன் ஸ்கூல் 4,500 திர்ஹாம் தர்றேங்குது, நீங்க அதை 23.50 ஆல பெருக்கிப் பாத்துட்டு "மாசம் ஒரு லட்சத்துக்கு மேல வருதே மேடம், அனுப்பிடலாமா"ன்னு கேக்குறீங்க. பெருக்குனது சரிதான், 1,05,750 வருது. ஆனா அங்க அவ வாடகையும் சாப்பாடும் திர்ஹாம்லதானே போகும், அதனால முதல்ல கழிச்சுக்கோங்க, அப்புறம் பெருக்குங்க.

லெட்டர்ல "ஆல் இன்க்ளூசிவ்"னு ஒரு வார்த்தை இருக்கு பாத்தீங்களா, அதுக்கு அர்த்தம் தங்குற இடம் ஸ்கூல் தராது, நீங்களே பாத்துக்கோங்கன்னு. அல் நஹ்தா பக்கம் இன்னொரு டீச்சரோட ரூம் ஷேர் பண்ணா அவ பங்கு ஒரு 1,500 வெச்சுக்கோங்க, சமைச்சு சாப்பிட்டாலும் 700, போக வர 350, போன் டேட்டா 150, சோப்பு சீப்பு டிரஸ் மருந்துன்னு 300. மொத்தம் 3,000. மிச்சம் 1,500 திர்ஹாம், அதாவது 35,000 ரூபாய் சொச்சம். இப்ப உங்க வீட்லயே இருந்துட்டு, அம்மா கையால டப்பா கட்டிட்டு போயிட்டு, 38,000ல 25,000 மிச்சம் பிடிக்கிறா. அப்ப கடல் தாண்டி போறதுக்கு கூட வர்றது மாசம் பத்தாயிரம்தான் சார்.

அதே ஸ்கூல் அதே 4,500 கூட ரூமும் கொடுத்து, வேனும் விட்டா கதையே வேற. வாடகையும் போக்குவரத்தும் போச்சுன்னா 3,300க்கு மேல நிக்கும், அது 75,000 ரூபாய்க்கு மேல, கண்ணை மூடிட்டு போகச் சொல்லலாம். அதனால சம்பளம் எவ்ளோங்கறத விட வாடகை யார் கட்டுறாங்கன்றதுதான் கேள்வி. என்னை கேட்டா, தனியா போற பொண்ணுக்கு தங்குமிடம் இல்லாத ஆஃபர்னா 6,000க்கு கீழ யோசிக்கவே வேண்டாம். நாளைக்கு கல்யாணம் ஆகி மாப்பிள்ளையை கூட்டிட்டு போகணும்னா, ஃபேமிலியை ஸ்பான்சர் பண்ண அங்க சட்டப்படி 4,000 சம்பளம் இல்ல 3,000 பிளஸ் தங்குமிடம் இருந்தா போதும், ஆனா விசா கிடைக்கறது வேற, அந்த காசுல ரெண்டு பேர் வாழறது வேற. குழந்தையும் ஆச்சுன்னா அதோட ஸ்கூல் ஃபீஸ்ல எவ்ளோ தள்ளுபடி தருவாங்கன்னு எழுத்துல இல்லாம போகவே கூடாது.

அடுத்தது நிறைய பேர் கவனிக்காம விடுறது, சம்பளத்தை எப்படி பிரிச்சிருக்காங்கங்கறது. உங்க பொண்ணுக்கு பேசிக் 1,800, மீதியெல்லாம் அலவன்ஸ். வேலையை விட்டு வரும்போது மொத்தமா தர்ற கிராஜுவிட்டி பேசிக் மேலதான் கணக்கு, முதல் அஞ்சு வருஷத்துக்கு வருஷத்துக்கு 21 நாள் பேசிக், அதுக்கப்புறம் 30 நாள். 1,800க்கு வருஷம் 1,260 திர்ஹாம் வரும், அதுவே பேசிக் 3,000ன்னா 2,100. ஒரு வருஷம் முடிக்காம வந்தா ஒண்ணும் கிடையாது. பேசிக்கை ஏத்திக் கேக்கறதுல வெட்கமே வேண்டாம், மொத்தம் மாறாம பிரிப்பை மாத்தித் தாங்கன்னு கேட்டா சில ஸ்கூல் செய்வாங்க. கூடவே ஜூலை ஆகஸ்ட் லீவுக்கு சம்பளம் உண்டா, ரெண்டு வருஷ கான்ட்ராக்ட்ல டிக்கெட் எத்தனை தடவைன்னும் கேட்டுக்கோங்க, ஜூலைல அங்கிருந்து ஊருக்கு டிக்கெட் போடறது கழுத்தை நெரிக்கும், எல்லா டீச்சரும் அதே வாரத்துலதான் கிளம்புவாங்க.

நல்ல விஷயமும் சொல்லணும். அங்க சம்பளத்துக்கு இன்கம் டாக்ஸ் கிடையாது. திர்ஹாம் 1997லேர்ந்து டாலரோட கட்டிப்போட்டது, ஒரு டாலருக்கு 3.6725, அதனால ரூபாய் சரிஞ்சா அவ அனுப்புறது தானா கூடும். ஹெல்த் இன்ஷூரன்ஸ் முதலாளிதான் தரணும், 2025 ஜனவரிலேர்ந்து ஷார்ஜா உட்பட எல்லா எமிரேட்லயும் அது கட்டாயம், பல்லுக்கு மட்டும் பெரும்பாலும் கவர் இருக்காது, அதனால பல் வேலை எதுனா இருந்தா பெங்களூர்லயே முடிச்சுட்டு போகச் சொல்லுங்க. வாட்ஸப்ல கால் பேச முடியாது, மெசேஜ்தான் போகும், அம்மா போன்ல போட்டிம்னு கால் பேசற ஆப் ஒண்ணு போட்டு வெச்சிடுங்க, இல்லன்னா முதல் நாளே அழுது தீத்துடுவாங்க.

இப்ப ஏஜென்ட் விஷயம். சீட்டை தள்ளி எடுத்து ஒன்றரை லட்சம் கட்டலாமான்னு கேட்டிருந்தீங்க. வேண்டாம் சார், கண்டிப்பா வேண்டாம். யூஏஇ லேபர் லா படி ஆள் எடுக்கற செலவை வேலைக்கு வர்றவங்க தலையில கட்டக் கூடாது, விசா காசும் ஸ்கூல்தான் போடணும். நம்ம பக்கம் பாத்தாலும் வெளிநாட்டு வேலைக்கான நம்ம அரசாங்கத்தோட இமைகிரேட் போர்ட்டல்ல ரிஜிஸ்டர் ஆன ஏஜென்ட் அதிகபட்சம் வாங்கக்கூடியது 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும்தான். ஒன்றரை லட்சம் கேக்கறவன் அந்த போர்ட்டல்ல இருக்கானான்னு முதல்ல தேடிப் பாருங்க. "இப்ப விசிட் விசால வாங்க, அங்க மாத்திக்கலாம்"னு சொன்னா பேச்சையே கட் பண்ணிடுங்க, விசிட் விசால வேலை பாக்கறது அங்க குற்றம், மாட்டினா மாட்டறது நம்ம பொண்ணுதான். கையெழுத்து போடறதுக்கு முன்னாடி ஸ்கூல்கிட்ட அந்த ஊர் லேபர் மினிஸ்ட்ரியோட ஆஃபர் லெட்டரை கேளுங்க, அது தமிழ்லயும் கிடைக்கும், நீங்களே உக்காந்து ஒவ்வொரு வரியா படிக்கலாம். ஏஜென்ட் கொடுத்த பேப்பர்ல இருக்கற தொகையும் அதுல இருக்கற தொகையும் ஒண்ணா இருக்கணும், இல்லன்னா அங்கேயே நிறுத்திடுங்க.

அட்டெஸ்டேஷனுக்கும், அதாவது சர்டிஃபிகேட் நிஜம்தான்னு முத்திரை வாங்கறதுக்கும், காசும் நாளும் தனியா ஒதுக்குங்க. அவ பி.எட் வேலூர்ல படிச்சிருக்கா, அதனால மாநில அளவு முத்திரை சென்னைல வாங்கணும், பெங்களூர்ல இருக்கோம்னு கர்நாடக அரசு ஆபீஸ் இருக்கற விதான சௌதா பக்கம் அலைஞ்சு பிரயோஜனம் இல்ல, இது இங்க இருக்கற நம்ம ஆளுங்க நிறைய பேர் மாட்டிக்கற இடம். அப்புறம் நம்ம நாட்டு வெளியுறவுத்துறை, அதுக்கப்புறம் யூஏஇ தூதரகம், கடைசியா அங்க போய் அவங்க ஊர் வெளியுறவுத்துறை. முதல் மாச சம்பளம் கைக்கு வர்ற வரைக்கும் சாப்பாடு, ரூம் அட்வான்ஸ் எல்லாத்துக்கும் குறைஞ்சது 4,000 திர்ஹாம் கையோட இருக்கணும், சீட்டு எடுக்கறதுன்னா இதுக்கு எடுங்க.

பிசிக்ஸ் டீச்சர்ங்கறதால இன்னொரு வழியும் சொல்லிடறேன். இங்கிலாந்துல க்யூடிஎஸ்ங்கற டீச்சர் தகுதிக்கு 2023லேர்ந்து இந்தியாவுல பி.எட் முடிச்ச மேத்ஸ், சயின்ஸ் டீச்சர்களும் நேரா அப்ளை பண்ணலாம். 2025 செப்டம்பர் கணக்குல அரசு ஸ்கூல் ஆரம்ப சம்பளம் வருஷம் 32,916 பவுண்டு, இன்னர் லண்டன்னா 40,317. கேக்க நல்லாத்தான் இருக்கு, ஆனா டாக்ஸ், நேஷனல் இன்ஷூரன்ஸ், பென்ஷன் எல்லாம் பிடிச்சா லண்டனுக்கு வெளிய மாசம் 2,100 பவுண்டுதான் கைக்கு வரும், அதுல ரூம் வாடகை, குளிருக்கு ஹீட்டர் பில்லுன்னு பாதிக்கு மேல கரையும். விசாவோட அந்த ஊர் அரசு மருத்துவத்துக்குன்னு கட்டற ஹெல்த் சர்சார்ஜ் வருஷத்துக்கு 1,035 பவுண்டு, மூணு வருஷ விசான்னா 3,105ஐ முன்னாடியே மொத்தமா கட்டணும். காசு சேக்கணும்னா அது சரிப்படாது, அங்கேயே செட்டில் ஆகணும்னு அவளுக்கு ஆசை இருந்தா மட்டும் பாருங்க. மாலத்தீவும் கேட்டீங்க, நம்ம தமிழ்நாட்டு டீச்சர்ங்க நிறைய பேர் போற இடம்தான், ஆனா இப்ப அங்க டாலர் தட்டுப்பாடு, சம்பாதிச்சதை வீட்டுக்கு அனுப்பவே பேங்க் லிமிட் போடுது, கடன் அடைக்கணும்னு போறவங்களுக்கு அது ஒத்து வராது.

யாரும் சொல்லாத ஒண்ணு, பெங்களூர்லயே சர்ஜாபூர், எலஹங்கா பக்கம் இருக்கற ஐபி, கேம்பிரிட்ஜ்னு வெளிநாட்டு சிலபஸ் நடத்தற ஸ்கூல்ங்க பிசிக்ஸுக்கு இப்ப அவ வாங்குறத விட நல்லாவே தர்றாங்க. 60,000 கிடைச்சு வீட்ல இருந்தே போனா, அந்த ஷார்ஜா கணக்கை தாண்டிடும். ரெண்டு வருஷம் அந்த சிலபஸ் எடுத்துட்டு கல்ஃப்ல பிரிட்டிஷ் ஸ்கூலுக்கு போனா சம்பளம் இந்தியன் ஸ்கூலை விட ஒரேயடியா ஏறும். அவகிட்ட இதை ஒரு தடவை சொல்லிப் பாருங்க, உங்களுக்கு அவசரம் இருக்கலாம், அவளுக்கு இல்லாம இருக்கலாம்.

இல்ல, ஷார்ஜாதான்னு முடிவு பண்ணா, ஸ்கூலுக்கு ஒரு மெயில் போடச் சொல்லுங்க: ரூம் கொடுங்க, இல்லன்னா 6,000 ஆக்குங்க, பேசிக்கை 3,000 ஆக்குங்கன்னு. அங்க இந்தியன் ஸ்கூல்ங்களுக்கு ஏப்ரல்ல வருஷம் ஆரம்பிக்குது, அவங்களுக்கும் பிசிக்ஸ் டீச்சர் அவசரம்தான், பதில் வரும். அந்த பதில் வர்ற வரைக்கும் இங்க ரிசைன் பண்ண வேண்டாம், பண்ணும்போதும் நோட்டீஸ் பீரியட் முழுசா முடிச்சு எக்ஸ்பீரியன்ஸ் சர்டிஃபிகேட்டை கையில வாங்கிட்டுதான் வெளிய வரணும், அது இல்லாம அங்க டீச்சர் அப்ரூவல்ல சிக்கல் வரும். மெயிலுக்கு என்ன பதில் வந்ததுன்னு எனக்கு அனுப்புங்க, சேந்து பாக்கலாம்.