டைட்டானியத்தில் துளை விட்டால் வலிமை குறையாதா?

கெட்டியான டைட்டானியத்தில் வேண்டுமென்றே துளை விடுவது ஏன், அதை எப்படிச் செய்கிறார்கள், வலிமை போய்விடாதா என்று கேட்டிருக்கிறீர்கள். காட்பாடியில் பொடி உலோகவியல் ஆய்வகத்தில் வேலை செய்பவன் என்ற முறையில் சொல்கிறேன்: வலிமை குறையத்தான் செய்யும்.

எலும்பு அறுவைக்கு வடமாநிலங்களிலிருந்தும் ஆட்கள் வந்திறங்கும் வேலூரில் காரணத்தை விளக்குவது எளிது. எலும்பில் பொருத்தும் டைட்டானியக் கலவையின் யங் குணகம் (விறைப்பின் அளவு) சுமார் 110 கிகாபாஸ்கல். கெட்டி எலும்புக்கோ 10 முதல் 30 வரைதான். இரண்டையும் இணைத்தால் உடல் எடையின் பெரும்பங்கை உலோகமே தாங்கிவிடும். சுமை விழாத எலும்பு நாளடைவில் மெலிந்து, பொருத்திய உறுப்பு தளர்ந்துவிடும். துளை விட்டால் விறைப்பு குறைவதோடு, ஒன்றோடொன்று இணைந்த சில நூறு மைக்ரான் அளவுத் துளைகளுக்குள் எலும்பும் வளர்ந்து பிடித்துக்கொள்கிறது.

உருகிய டைட்டானியம் ஏறக்குறைய எல்லா மூசைகளோடும் (உருக்கும் பாத்திரங்கள்) வினைபுரியும் என்பதால், அலுமினியத்தைப் போல் உருக்கி நுரைக்க வைப்பது கடினம். ஆகவே உலோகப் பொடியோடு யூரியா அல்லது அம்மோனியம் பைகார்பனேட் குருணையைக் கலந்து, அச்சில் அழுத்தி, குருணையை மெதுவாக வெளியேற்றிவிட்டு, வெற்றிட உலையில் 1200 முதல் 1300 டிகிரியில் சிண்டரிங் செய்கிறோம், அதாவது உருக்காமலே பொடிமணிகள் ஒன்றோடொன்று ஒட்டும்படி சுடுகிறோம். குருணை இருந்த இடம் துளையாகிறது. அம்மோனியம் பைகார்பனேட் 36 டிகிரிக்கு மேலேயே சிதையத் தொடங்கும் பொருள். எங்கள் ஊர்க் கத்திரி வெயிலில் ஏசி இல்லாத அறையில் அதை எடைபோட்டு வைத்தால், அச்சுக்குப் போகுமுன்பே அளவு குறைந்திருக்கும்.

உண்மையான வில்லன் ஆக்சிஜன்தான். சூடான டைட்டானியம் அதைக் கரைத்துக்கொண்டால் கடினமாகும், கூடவே நொறுங்கும் தன்மையும் வரும். பிறகு அழுத்தும்போது துளைச்சுவர்கள் வளைவதற்குப் பதிலாக விரிசல் விடுகின்றன. லேசர் அல்லது எலக்ட்ரான் கற்றையால் அடுக்கடுக்காக அச்சிடும் முறையில் துளையின் வடிவம் நம் கையில் இருக்கும். ஆனால் பாதி உருகிய பொடிமணிகள் சுவரில் ஒட்டிக்கொள்வதால் அமிலத்தில் அரித்துச் சீராக்க வேண்டியிருக்கும்.

இனி கணக்கு. துளைப்பொருள்களை ஆராய்ந்த கிப்சன், ஆஷ்பி இருவரின் மாதிரிப்படி, விறைப்பு சார்பு அடர்த்தியின் (கெட்டிப் பொருளோடு ஒப்பிட்ட அடர்த்தி) வர்க்கத்துக்கேற்பக் குறையும். 60 சதவீதம் துளையென்றால் 0.4 இன் வர்க்கம் 0.16, அதாவது சுமார் 18 கிகாபாஸ்கல்: எலும்புக்கு நிகர். வலிமையோ 0.3 என்ற கெழுவோடு 1.5 அடுக்கில் குறைவதால், 880 மெகாபாஸ்கல் தாங்கிய கலவை 70ஐக்கூட எட்டாது. கெட்டி எலும்பின் அழுத்த வலிமையே 130க்கு மேல். இந்த மாதிரி இதைவிட அதிகத் துளையுள்ள பொருளுக்கே நன்றாகப் பொருந்தும் என்பதால் இவற்றைத் தோராயமாகக் கொள்ளுங்கள். ஆனாலும் விறைப்பு பொருந்தியதோடு மகிழ்ந்துவிடும் ஆய்வுகளை நான் அவ்வளவாக நம்புவதில்லை.

அதைவிட மோசமானது, மீண்டும் மீண்டும் விழும் சுமையால் நேரும் களைப்பு முறிவு. நடக்கும் ஒவ்வோர் அடியிலும் துளையின் விளிம்புகளில் தகைவு குவிகிறது. டைட்டானியமோ வெட்டுத்தடத்துக்கு (கீறல், பள்ளம் போன்றவற்றுக்கு) மிகவும் அஞ்சும் உலோகம். அதனால்தான் முள்ளெலும்புகளுக்கு இடையே வைக்கும் முதுகெலும்புக் கூண்டு போல அழுத்து விசை மிகுந்த இடங்களுக்கு முழுத் துளைப்பொருளும், செயற்கை இடுப்பு மூட்டில் தொடை எலும்புக்குள் செருகும் தண்டுக்குக் கெட்டி உள்ளகத்தின்மேல் துளைப்பூச்சும் ஏற்றவை. அந்தப் பூச்சை ஒட்டவைக்கும் சிண்டரிங் வெப்பமும் ஏறக்குறைய 995 டிகிரி என்ற பீட்டா எல்லையை (கலவையின் படிக அமைப்பு மாறும் வெப்பநிலையை) தாண்டி உள்ளகத்தின் நுண்ணமைப்பைப் பருமனாக்கிவிடும் என்பதால், இழுவிசை அதிகம் விழும் பக்கத்தில் பூச்சைத் தவிர்ப்பதே நல்லது என்பேன்.