சிறுவனாகப் பாடிப் புகழ்பெற்று, குரல் உடைந்த பிறகும் நிலைத்து நின்ற பாடகர் யாராவது உண்டா?

உண்டு. எனக்குச் சட்டென்று நினைவுக்கு வருபவர் வேல்ஸைச் சேர்ந்த ஆலெட் ஜோன்ஸ். இங்கே இங்கிலாந்தில் என்னோடு வேலை பார்க்கும் இளைஞர்களுக்கு அவர் டிவி, ரேடியோ தொகுப்பாளர். அவர்களுடைய அம்மா அப்பாக்களுக்கு அவர் இன்னமும் வெள்ளை அங்கி போட்டுக்கொண்டு பாடிய பையன்.

1970 டிசம்பர் 29 அன்று வட வேல்ஸில் உள்ள பேங்கரில் பிறந்தார். வளர்ந்தது எதிர்க்கரையில், ஆங்கில்சி தீவின் லாண்டெக்வன் கிராமத்தில். அம்மா ஆசிரியை, வீட்டுக்கு ஒரே பிள்ளை, வீட்டில் பேசியது வேல்ஷ் மொழி. தீவுக்கும் பேங்கருக்கும் நடுவே மெனாய் நீரிணை, அதன்மேல் 1826இல் திறந்த தொங்கு பாலம். ஒன்பது வயதில் பேங்கர் பேராலயத்தின் பாடகர் குழுவில் சேர்ந்தான் பையன். இரண்டே வருடத்தில் தனிப்பாடல் என்றால் ஆலெட்தான் என்று ஆகிவிட்டது.

பேராலயப் பாடகர் குழு என்றால் ஞாயிற்றுக்கிழமை மட்டும் போய் நாலு பாட்டுப் பாடிவிட்டு வருவது இல்லை. பைபிளில் உள்ள சங்கீதங்களை (தாவீது பாடியதாகச் சொல்லும் துதிப் பாடல்களை) அவர்கள் பாடும் முறையை ஒருமுறை கேட்டால் தெரியும். மெட்டு ஒன்றுதான், ஆனால் ஒவ்வொரு வசனமும் ஒவ்வொரு நீளம். ஒரே சுரத்தில் ஏழெட்டுச் சொற்களைப் பேசுகிற வேகத்திலேயே சொல்லி, பொருள் எங்கே முடிகிறதோ அங்கே சுரத்தை மாற்ற வேண்டும். தாளம் பிடித்துக்கொண்டு தப்பிக்க முடியாது, வசனம் புரிந்தால்தான் பாட முடியும். அதுவும் எதிரொலிக்கிற கல் கட்டடத்தில், கடைசி வரிசைக்கும் சொல் தெளிவாகப் போய்ச் சேர வேண்டும். பத்து வயதுப் பையனுக்கு இதைவிடக் கடுமையான பயிற்சி இருக்குமா என்று தெரியவில்லை. பின்னால் அவர் மைக் முன்னால் உட்கார்ந்து பிழைத்ததற்கு அஸ்திவாரம் இதுதான் என்பது என் எண்ணம்.

அந்தப் பேராலயத்துக்கு வழிபாட்டுக்கு வந்த ஒரு பெண்மணி, ஸைன் என்ற வேல்ஷ் இசைத்தட்டு நிறுவனத்துக்கு 'இந்தப் பையனைக் கேளுங்கள்' என்று கடிதம் எழுதினார். அப்படித்தான் 1983இல் முதல் ஆல்பம் வந்தது. அதற்கப்புறம் நடந்ததெல்லாம் மின்னல் வேகம். 1985, 86இல் இசையமைப்பாளரும் நடத்துநருமான லியோனார்ட் பெர்ன்ஸ்டைன், ஓப்பரா பாடகி ஜோன் சதர்லாண்ட் மாதிரி பெரிய தலைகளோடு சேர்த்துப் பேசப்படுகிற நிலைக்கு வந்துவிட்டான் பையன். ஹேண்டலின் 'அதாலியா' ஆரட்டோரியோ (மேடை நடிப்பு இல்லாமல் பாடும் இசைக் கதை) பதிவில் ராணியாக சதர்லாண்ட், சிறுவன் ஜோவாஸாக ஆலெட். பெர்ன்ஸ்டைன் தன்னுடைய 'சிசெஸ்டர் சாம்ஸ்' படைப்பை லண்டன் சிம்பொனி இசைக்குழுவோடு தானே நடத்தியபோது, 23ஆம் சங்கீதத்தை எபிரேய மொழியில் பாடியதும் இவர்தான். இன்னொரு பக்கம் ராக் பாடகர் பாப் கெல்டாஃபின் கல்யாணத்திலும் பாடினார். 16 வயதுக்குள் 16 ஆல்பங்கள், விற்றது 60 லட்சத்துக்கு மேல். செவ்வியல் இசை விற்பனையில் இது எந்தக் கணக்கிலும் சேராத எண்ணிக்கை.

சரி, அவர் பெயரைச் சொன்னாலே எல்லாருக்கும் ஞாபகம் வரும் பாட்டு விஷயத்துக்கு வருவோம். எங்கள் அலுவலகத்தில் கிறிஸ்துமஸ் சமயம் வினாடி வினா வைப்பார்கள். 'தி ஸ்னோமேன் படத்தில் வாக்கிங் இன் தி ஏர் பாடியது யார்?' என்று கேட்டால், மேசைக்கு மேசை தலையைக்கூடத் தூக்காமல் ஆலெட் ஜோன்ஸ் என்று எழுதி வைப்பார்கள். எல்லாருக்கும் பூஜ்யம்.

ஸ்னோமேன் 1982 கிறிஸ்துமஸுக்கு சேனல் 4இல் வந்த அரைமணி நேரக் கார்ட்டூன் படம். அதில் வசனமே கிடையாது. பையனும் பனிமனிதனும் வானத்தில் பறக்கும்போது வரும் அந்த ஒரு பாட்டுதான் படத்தின் உயிர். ஹோவர்ட் பிளேக் இசையமைத்தார். பாடியது லண்டன் புனித பவுல் பேராலயத்தின் பாடகச் சிறுவன் பீட்டர் ஆட்டி. படத்தில் அவர் பெயரைப் போடவில்லை. 1985இல் பொம்மைக் கடை நிறுவனமான டாய்ஸ் ஆர் அஸ் தன் டிவி விளம்பரத்துக்கு அதே பாட்டைக் கேட்டது. அதற்குள் ஆட்டிக்கு மகரக்கட்டு வந்து குரல் உடைந்துவிட்டது. பிளேக் ஆலெட்டைக் கைகாட்டினார். புதிதாகப் பதிவு செய்த அந்தத் தட்டு பிரிட்டிஷ் விற்பனைப் பட்டியலில் 5ஆம் இடத்துக்குப் போனது. வருடாவருடம் கிறிஸ்துமஸுக்குப் படம் ஓடுகிறது, ஊருக்குத் தெரிந்த பெயரோ ஆலெட்டுடையது. இரண்டும் ஒட்டிக்கொண்டுவிட்டன. ஆட்டியின் பெயர் படத்தில் ஏறியது இருபது வருடம் கழித்து, 2002இல்தான். அவரும் சும்மா இருக்கவில்லை, வளர்ந்து ஓப்பரா பாடகர் ஆனார். இரண்டு பதிவுகளையும் அடுத்தடுத்துக் கேட்டால் வித்தியாசம் தெரியும். ஆட்டியின் குரல் மெலிசானது, கொஞ்சம் பயந்த மாதிரி இருக்கும். படத்துக்கு அதுதான் பொருத்தம் என்பேன். ஆலெட்டின் குரலில் சதைப்பிடிப்பு அதிகம், ஒவ்வொரு உயிரெழுத்தும் முழுசாக விழும்.

ஒருவர் குரல் உடைந்ததால் கிடைத்த வாய்ப்பு, அடுத்த ஒன்றரை வருடத்துக்குள் இவர் குரலும் உடைந்தது. குரல்வளை வளர்ந்து, குரல் நாண்கள் நீண்டு தடிக்கும்போது ஆணின் குரல் ஏறக்குறைய ஒரு ஸ்தாயி கீழே இறங்கிவிடும். இதற்கு மருந்தும் இல்லை, மாற்றும் இல்லை. அது தெரிந்துதான் இசைத்தட்டு நிறுவனங்கள் இந்தப் பையன்களை அவசர அவசரமாகப் பதிவு செய்கின்றன.

கேள்விக்கு உண்மையான பதில் இந்த இடத்தில்தான் இருக்கிறது. உடைந்த குரலை வைத்துக்கொண்டு அவர் கச்சேரி கச்சேரியாக ஏறி இறங்கவில்லை. லண்டனில் ராயல் அகாடமி ஆஃப் மியூசிக்கில் சேர்ந்து பாட்டு படித்தார். பிறகு பிரிஸ்டல் ஓல்டு விக் நாடகப் பள்ளியில் நடிப்பு. புகழின் உச்சியைப் பார்த்த ஒருவர், தன் பழைய தட்டுகளை வீட்டில் வைத்திருக்கக்கூடிய சக மாணவர்களோடு வரிசையில் நின்று முதலிலிருந்து கற்றுக்கொள்வது லேசான காரியமா? 90களில் 'ஜோசப்' இசை நாடகத்தில் கதாநாயகன் வேடம் கிடைத்தது. பாரிட்டோன் (ஆண்களின் நடுத்தரக் கனம் உள்ள) குரலில் 2002இல் வந்த ஆல்பத்தின் பெயர் வெறுமனே 'ஆலெட்'.

அதே காலகட்டத்தில்தான் ஒலிபரப்பும் சூடு பிடித்தது. பிபிசி 1961 முதல் நடத்திவரும் 'சாங்ஸ் ஆஃப் பிரைஸ்' நிகழ்ச்சிக்குத் தொகுப்பாளர் ஆனார். ஊர் ஊராகத் தேவாலயங்களுக்குப் போய், அங்குள்ள மக்கள் பாடுவதையும் அவர்கள் கதையையும் காட்டுகிற ஞாயிற்றுக்கிழமை நிகழ்ச்சி அது. வேறு யார் போனாலும் விருந்தாளி மாதிரி இருக்கும், இவர் போனால் வீட்டுப் பிள்ளை வந்த மாதிரி. ரேடியோ 3இல் சேர்ந்திசைக்கென்றே ஒரு நிகழ்ச்சி, ரேடியோ 2இல் ஞாயிறு காலை நிகழ்ச்சி, பிறகு கிளாசிக் எஃப்எம். ஞாயிறு காலை தோசை ஊற்றும்போது எங்கள் வீட்டிலும் அந்தக் குரல்தான் ஓடும். பாட்டைப் பற்றி இரண்டு வரி சொல்வார், பிறகு வழிவிட்டு விலகிக்கொள்வார். வேல்ஷ் ஊர்ப் பெயர்கள் வந்தால் மற்ற அறிவிப்பாளர்கள் தடுமாறுவார்கள், இவருக்கு அது தண்ணீர் பட்ட பாடு.

எல்லாமே கைகூடியது என்று சொல்ல மாட்டேன். 2012இல் ஐடிவியின் காலை நிகழ்ச்சி 'டேபிரேக்'குக்கு லொரேன் கெல்லியோடு தொகுப்பாளராகப் போனார். அந்த நிகழ்ச்சி ஏற்கெனவே தள்ளாடிக்கொண்டிருந்தது, 2014இல் மூடிவிட்டார்கள். தலைப்புச் செய்தி, சமையல், நடிகர் பேட்டி என்று அரக்கப் பரக்க ஓடுகிற இடம் அவருக்கான இடம் இல்லை என்றே எனக்குத் தோன்றியது. ஆனால் ஆட்டம் பாட்டப் போட்டிகளில் மனுஷன் வெட்கப்படுவதே இல்லை. 2004இல் 'ஸ்டிரிக்ட்லி கம் டான்ஸிங்'கில் நாலாவது இடம். 2022இல் 'தி மாஸ்க்டு சிங்கர்' நிகழ்ச்சியில் சாலையில் வைக்கும் ஆரஞ்சு கூம்பு வேஷத்துக்குள் இருந்து பாடியவரும் இவரே. இடையில் 2013இல் எம்பிஇ என்ற பிரிட்டிஷ் அரச விருதும் வந்தது.

2016இல் செய்ததுதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. 'ஒன் வாய்ஸ்' ஆல்பத்தில், சின்ன வயதில் தான் பாடிய பதிவுகளோடு இன்றைய குரலைச் சேர்த்து, தன்னோடு தானே ஜோடிப் பாட்டு பாடினார். வியாபார உத்திதானே என்று சந்தேகத்தோடுதான் போட்டேன். கேட்கும்போது, பையன் மேலே போகிற இடங்களில் பெரியவர் குரலை அடக்கிக்கொண்டு கீழே நிற்பது கவனத்துக்கு வந்தது.

எங்கே ஆரம்பிக்கலாம் என்றால், பெர்ன்ஸ்டைன் நடத்திய அந்த 23ஆம் சங்கீதத்தை முதலில் கேளுங்கள். 'வாக்கிங் இன் தி ஏர்' பாட்டைத் தேடிப் போக வேண்டாம், டிசம்பர் வந்தால் எந்தக் கடைக்குள் நுழைந்தாலும் காதில் விழும்.